சேதாரம்

கூட்டம் சூமில் நடந்தது.
நூற்றுப் பதினாறு பெற்றோர்,
நூற்றுப் பதினாறு சின்னக் கட்டங்கள்.
தாளாளர் பேசினார், பொருளாளர் பேசினார்,
பின்சுவரில் மாலை போட்ட நிறுவனர்கூட
ஏதோ சொல்ல வருகிற மாதிரிதான் இருந்தது.
எங்களை மட்டும் மியூட்டில் போட்டிருந்தார்கள்.
மஞ்சள் கையை அழுத்தினேன்.
அது மூலையில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது,
பஸ் நிற்காத ஊரில் கைகாட்டுகிறவளைப் போல.

ஏழாவது தீர்மானம்:
திறக்கலாம் என்று அரசு சொன்னாலும்
மார்ச் வரை வகுப்பு செல்போனில்தான்.
பிள்ளைக்கு ஒரு போன், அது பெற்றோர் பொறுப்பு.
கட்டணம் முழுசு.
ஒப்பாதவர்கள் டி.சி. வாங்கிக்கொள்ளலாம்.
நன்றி, வணக்கம்.

சிவதாபுரத்தில் எங்கள் வீடுதான் பட்டறை.
முன்னறையில் கொலுசு, பின்னறையில் சோறு.
இருக்கிற ஒரே போனில்
ஒன்பது மணிக்கு தர்ஷிகாவின் கணக்குப் பாடம்,
ஒன்பதேகாலுக்குச் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி.
பின்னத்தின் நடுவில் அவர் பெயர் எரியும்.
எடுத்தால் பாடம் போச்சு, எடுக்காவிட்டால் ஆர்டர்.

கண்ணிக்குப் பொடி வைத்துப் பற்றவைக்கையில்
தீக்குழல் சீறும்.
"யார் வீட்டு இரைச்சல் அது?" என்பார் மிஸ்.
மகள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.
நான் தீயைக் குறைப்பேன்.
நாற்பது ஜோடி முப்பதாகும்.

திங்கட்கிழமை பள்ளி வாசலுக்குப் போனோம்.
போன வருஷத்துச் சுண்ணாம்பு வட்டங்கள்
பாதி அழிந்து கிடந்தன.
யாரும் சொல்லாமலே ஆளுக்கொன்றில் நின்றோம்.
தறிக்காரர் குழந்தைவேலு கையில் மனு:
பள்ளியை உடனே திற.
அறுபத்துமூன்று கையெழுத்து.

செண்பகவல்லி போடவில்லை.
"திற திறன்னு நீங்க கத்தறப்ப
எனக்கு ஆம்புலன்ஸ் சத்தம்தான் கேக்குது.
என் பையனை அனுப்ப மாட்டேன்.
வீட்ல வெச்சுப் படிக்க வைக்கப் போனும் இல்ல.
அவரோட போன்
பெரியாஸ்பத்திரி தலகாணிக்கு அடியில இருந்துச்சு,
அவரைக் குடுத்தாங்க, அதைக் குடுக்கல."

வட்டத்தை விட்டு யாரோ ஒரு எட்டு அவளிடம் வைத்து
நினைவு வந்து பின்வாங்கினார்கள்.
குழந்தைவேலு மனுவை முழங்காலில் வைத்தார்.
முதல் வரியை அடித்தார்.
அனுப்புகிறவர்களுக்குத் திற.
அனுப்பாதவர்களுக்குப் பாடம் வீடு தேடி வரட்டும்.
திறக்காத நாளுக்குப் பாதிக் கட்டணம்.
எழுத்து சரிந்து சரிந்து ஓரத்துக்குப் போனது.
செண்பகவல்லி பேனாவை வாங்கினாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் தாளாளர்,
இரண்டு மாஸ்க்குக்குப் பின்னால்.
"இழப்பு எல்லாருக்கும்தான்மா."

எனக்கு மேடைப்பேச்சு வராது.
தெரிந்ததைக் கேட்டேன்:
"சார், வெள்ளியை எடை போட்டுக் குடுப்பாங்க,
எடை போட்டு வாங்குவாங்க.
கிலோவுக்கு இவ்வளவு சேதாரம்னு ஒரு கணக்கு உண்டு.
ஒரு கிராம் கூடினாலும் எங்க கூலியில பிடிப்பாங்க.
ஆறாவதுல எம்பொண்ணை உங்ககிட்ட நிறுத்துக் குடுத்தேன்.
இப்ப அவளுக்கு எட்டாம் வாய்ப்பாடு பாதியில நிக்குது.
இது யார் கூலியில பிடிக்கறது?"

"கமிட்டியில வைக்கிறேன்" என்றார்.

வாட்ச்மேன் கம்பி வழியே மனுவை வாங்கி
சானிடைசர் அடித்தார், இரண்டு பக்கமும்.
மை கலங்கி
என் கையெழுத்து நீலக்கறையாய் ஓடியது.
குடுங்க என்று திருப்பி வாங்கி
ஈரத்தின் மேலேயே இன்னொரு தடவை போட்டேன்,
இந்த முறை இனிஷியலோடு.

கமிட்டி இன்னும் கூடவில்லை.

இன்று காலை ஒன்பது பத்து.
தீக்குழல் சீறுகிறது.
"யார் வீட்டு இரைச்சல் அது?"
தர்ஷிகா என்னைப் பார்க்கவில்லை.
"எங்க வீடுதான் மிஸ். அம்மா வேலை செய்யறாங்க."

போனுக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு மிஸ் தொண்டையைச் செருமி,
குரலைச் சற்று உயர்த்திக்கொண்டார்:
பக்கம் முப்பத்தொன்று, மூன்றாவது கணக்கு.