பதினொரு நிமிடம்

கதவில் என் பலகை:
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
சிங்களம், தமிழ், ஆங்கிலம்.
அவசர வேலைகள் அன்றே.
உள்ளே, கறுப்புத் திரையில்
வெள்ளைப் புள்ளிகள் வட்டமாய்ச் சுற்றுகின்றன.

எதிர்க் கதிரையில் மரியசீலன்.
புசல்லாவையிலிருந்து இரவு பஸ்.
பிறப்புச் சான்றிதழை உறையிலிருந்து எடுத்து
மேசையில் வைத்து, தடவி,
திரும்ப உறைக்குள் போட்டுவிட்டார்.
"கரண்ட் பிரச்சினையா மிஸ்?"
"இல்லை. இது இப்பிடித்தான்."
மருதானை ரயில் வந்து
தொங்கினவர்களையும் இழுத்துக்கொண்டு போய்
மேசையின் நடுக்கமும் அடங்கிவிட்டது.
புள்ளிகள்.

முன்பு இரண்டு நிமிடத்தில் எழும்பும்.
பிறகு நாலு.
ஆறானபோது தேத்தண்ணி வைக்கப் பழகினேன்.
ஒன்பதில், முகம் கழுவி
சீலைக்கு ஊசி குத்தவும் நேரம் மிஞ்சியது.
குறையென்று தோன்றவேயில்லை,
ஓர் ஆள் முன்னால் வந்து உட்காரும்வரை.

ஞாயிறு இரவு பட்டியலைத் திறந்தேன்:
லப்டொப் எழும்பும்போது கூடவே எழும்புகிறவர்கள்.
இருபத்துமூன்று பேர்!
விற்றுவிட்ட பிரிண்டரின் ஆள், மையளவு பார்க்க.
ஊரடங்கு நாட்களில் கூட்டம் கூட்டிய இருவர்,
இன்னும் கூட்டம் முடியவில்லை என்ற நினைப்பில்.
தம்பி டொரண்டோ போகமுதல் ஓடிய கார்ப் பந்தயம்,
நாள் தவறாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு.
வைரஸ் காவலர் இரண்டு பேர்,
ஒருவரை ஒருவர் சந்தேகித்தபடி.
எல்லாருக்கும் நானேதான் ஒருநாள்
'சரி' அமத்தியிருக்கிறேன், வாசிக்காமல்.
மற்றவர் பத்திரத்தில் கமாவுக்கும் கணக்குக் கேட்பவள்.

ஒவ்வொருவராய் நிறுத்தினேன்.
ஒருவர் பெயர் மட்டும் எழுத்தும் இலக்கமுமாய்,
விளங்கவில்லை. பயத்தில் விட்டுவிட்டேன்.
திங்கள் காலை: எட்டரை நிமிடம்.

இடது உள்ளங்கை படுகிற இடத்தில்
காதை வைத்தேன்.
டிக்.
கொஞ்சம் பொறுத்து, டிக்.
பல்லியென்றால் பலன் பார்க்கலாம்.

பம்பலப்பிட்டி, இரண்டாம் மாடி, இன்ஷாபின் கடை.
பின்மூடியைக் கழற்றினான்.
விசிறியில் தலைமயிர், தூசு, கடலுப்பு.
மூலையில் எறும்புக் குடித்தனம், வெள்ளை முட்டைகளோடு.
"வாடகை எடுக்கிறீங்களா மிஸ்?"
பிறகு சிரிக்காமல் சொன்னான்:
"டிஸ்க் போகப்போகுது.
வாசிக்க ஏலாத எடத்த
நூறு தரம் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாக்குது.
அதான் சுணக்கம்."

வேறெதை விளங்காவிட்டாலும் அது விளங்கியது.
வெள்ளத்தில் ஊறிய பதிவொன்றில்
தகப்பன் பெயரை
வெளிச்சத்துக்குப் பிடித்து, சாய்த்து,
'ந'வா 'த'வா என்று
ஒரு பகல் முழுக்க இருந்திருக்கிறேன்.
ஆள் வெளியே காத்திருந்தார்.
நான் சும்மா இருப்பதாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

புது டிஸ்க் பதினாறாயிரம், கூலி இரண்டாயிரம்.
மனதுக்குள் மாற்றிப் பார்த்தேன்:
ஒன்பது பிறப்பும் ஒரு விவாகரத்தும்.
சரி என்றேன், இம்முறை யோசித்து.

பழையதிலிருந்து புதியதுக்கு எடுக்க
ஒரு பின்னேரம் போனது.
"மூணு ஃபைல் வரல்ல. முக்கியமா?"
துண்டில் எழுதித் தந்தான்.
இரண்டு, தண்ணி பில்.
மூன்றாவது: 'கடிதம் கடைசி 2'.
யாருக்கு எழுதினேன், எது கடைசி,
அதற்குப் பிறகும் ஏன் ஓர் இரண்டு?
"பரவாயில்லை" என்றேன்.
வெள்ளவத்தையில் இறங்காமல்
தெஹிவளைப் பாலம்வரை பஸ்ஸில் போய்விட்டேன்.

வியாழன்.
மரியசீலன் மறுபடி, இம்முறை மனைவியின் சான்றிதழோடு.
பொத்தானை அமத்தினேன்.
பதினான்கு செக்கன்.
அவர் உறையைத் திறக்கவுமில்லை.
கேத்தல் இன்னும் முனகத் தொடங்கவில்லை.
கடவுச்சொல் கேட்டு
திரையில் ஒரு கோடு மினுங்கி மினுங்கி நின்றது.
"ஒரு நிமிஷம்" என்றேன்
அவருக்கும் அதற்கும்,
சீலை ஊசி பல்லிடையில் இருக்க.