ட

ரசம்தான்.
ஒயின் கொட்டியது என்று சொல்லிக்கொள்ளும்
கௌரவம்கூட இல்லை.
காய்ச்சலுக்கு வைத்த மிளகு ரசம்,
பிடி உடைந்த கோப்பை, என் முழங்கை.

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
விசைகளின் சந்துக்குள் புளித்தண்ணீர் இறங்குவதை
ஒரு தும்மல் நேரம் சும்மா பார்த்திருந்தேன்.
பிறகுதான் கை வந்தது.
ஒயரைப் பிடுங்கி, மடிக்கணினியைக் கவிழ்த்து,
தரைத் துவாரத்தின் வெப்பக் காற்றில்
கூடாரம்போல் நிறுத்தி,
இடுக்கில் ஒட்டிய கறிவேப்பிலையைப்
புருவம் திருத்தும் இடுக்கியால் இழுத்தேன்.

எதிர்வீட்டு ரொடேலியோ கதவில் நின்று சொன்னார்:
அரிசிக்குள் புதைத்து வை, ஈரத்தை இழுக்கும்.
ரசம் பட்டதை அரிசியோடு சேர்த்தால்
எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வேறு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. காத்திருந்தார்.
இரண்டு நாள் பொன்னிக்குள் கிடந்து எழுந்தது.
உள்ளே ஒரு அரிசி
இன்னும் கிலுகிலுக்கிறது.

எல்லா எழுத்தும் வந்தன.
ட வரவில்லை.

ஆங்கிலத்தில் அதே விசைதான் ஓ.
மேலாளருக்கு ஹெலோ அடித்தால்
ஹெல் என்று நிற்கிறது.
அதைக்கூடச் சமாளிக்கலாம்.

பாதியில் நின்ற மடல் ஒன்று இருந்தது,
சர்ரேயில் இருக்கும் தங்கை கோமதிக்கு.
பதினோரு மாதம் பேசாததன் மிச்சம்.
கடன் என்று அடித்தேன்: கன்.
எழுநூறு டாலர்: எழுநூறு ஆலர்.
இனிப் பேச வேண்டாம் என்று
சட்டை பொத்தானெல்லாம் போட்டு எழுதினால்
இனிப் பேச வேணாம் என்று
வீட்டுப் பேச்சில் விழுந்தது.
உன் புதுமனைக்கு வர மாட்டேன்:
வர மாஏன்.

ஏன்?
திரை கேட்கிறது.
நான் என்னத்தைச் சொல்ல.

விசையின் மூடியை நெம்பிக்
காது துடைக்கும் பஞ்சில் ஸ்பிரிட் தோய்த்தேன்.
அடியில் ஒரு கடுகு.
சிறுத்ததுதான்.
எடுத்த பிறகும் ட வரவில்லை.

ஒவ்வொரு ட-வையும் பழைய மடல்களிலிருந்து
வெட்டி வந்து ஒட்டலாம்.
ஒட்டிப் பார்த்தேன். நாலாவது வரியில்
கோபத்துக்கு மூச்சு வாங்கியது.
எல்லாவற்றையும் அழித்தேன்.
ட இல்லாத சொல் ஒன்று கைக்கு வந்தது:
பார்க்கலாம்.
அனுப்பிவிட்டேன்.

அங்கே இரண்டு மணி நேரம் பின்னால்.
விழித்துத்தான் இருந்திருக்கிறாள்.
ஒத்த வார்த்தையில பதிலா?
டீ குடிச்சியா?

எண்ணிப் பார்த்தேன்: இரண்டு ட.
ஒரு மாட்டேனுக்குச்
சரியாக இருக்கும்.

எடுக்கவில்லை.
புதுப் பலகை வியாழக்கிழமை வருமாம்.
விசிறி சூடாகும்போது
அறை முழுக்க மிளகு.