மூச்சுத் துளை

குஞ்சிதபாதம் அந்த ரம்பத்தை
சிமெண்டுச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.
மெக்கானிக் எங்கே என்று என்னிடமே கேட்டார்.
கை கிரீஸைத் துடைத்தபடி
நான்தான் என்றேன்.
சாக்கைப் பிரிக்கலாமா என்று
கொஞ்ச நேரம் யோசித்தார்.

எட்டு நிமிஷம் ஓடும்.
ஒன்பதாவதில் செத்துப்போகும்.
ஒரு டீ குடித்துவிட்டு வந்து இழுத்தால்
மறுபடி எட்டு.
மன்னார்குடியில் ப்ளக் மாற்றினார்கள்.
பட்டுக்கோட்டையில் கார்பரேட்டரே புதுசு.
முத்துப்பேட்டையில் ஒருவர்
பிஸ்டன் போச்சு என்றாராம், பிரித்துக்கூடப் பார்க்காமல்.

"புயல் வருஷம் வாங்குனதும்மா.
எந்தோப்புல சாஞ்ச நூத்திப் பன்னெண்டு மரத்தையும்
இதாலதான் அறுத்தேன்.
இனிமே இது மூஞ்சில முழிக்க வேணாம்.
எடைக்குப் போட்டா என்ன தருவீங்க?"

ஆயிரத்து இருநூறு.
பேரம் பேசவில்லை.
திருத்துறைப்பூண்டியில் பேரம் பேசாமல் ஒருவர் போனால்
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

மழை மத்தியானம். கரண்டு இல்லை.
செயினைக் கழற்றினேன்.
பாரின் பள்ளத்தில் ஆயிலும் மரத்தூளும்
தாராய் இறுகிக் கிடந்தது.
சைக்கிள் கம்பியால் நெம்ப
அறுபடாமல் ஒரே நாடாவாக வந்தது.
அரம் போட்டவர் வலக்கைக்காரர்:
ஒரு பக்கத்துப் பல் கூர்மை,
மறுபக்கம் ஏனோதானோ.
வெட்டு வலப்பக்கமாக வளைந்திருக்கும்,
மரத்தைத் திட்டியிருப்பார்.

சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தேன்.
பிஸ்டனில் ஒரு கீறல் இல்லை.
ப்ளக் நல்ல காபி நிறம்.
விறைத்திருந்த பெட்ரோல் டியூபை மாற்றினேன்,
கோளாறு அதிலும் இல்லை.

புதுசாய்க் கலந்த பெட்ரோல் ஊற்றி ஓடவிட்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எட்டே காலில் இருமியது.
ஒன்பதுக்குள் நின்றது.
நின்ற சூட்டோடு டேங்க் மூடியைத் திருகினேன்.

புஸ்ஸ்ஸ்.

காற்று உள்ளே போகிற சத்தம்.
பெட்ரோல் இறங்க இறங்க
அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும்.
வருவதற்கு ஒரு துளை உண்டு,
குண்டூசித் தலை அகலம்.
சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து
அந்தத் துளையிலிருந்து
ஒரு கடுகளவு தூளை வெளியே எடுத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில் எந்த மரத்துடையதோ.

இருபத்தைந்து நிமிஷம் ஓடியது.
பக்கத்து ஜெராக்ஸ் கடை நிஷார் வந்து
நிறுத்துக்கா, காது போச்சு என்கிற வரைக்கும்.

ஐயாயிரத்துக்குப் போகும்.
பேராவூரணியில் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் உண்டு.
வாங்கினது வாங்கினதுதான், தப்பொன்றும் இல்லை.
இதை இரண்டு நாள்
எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் போன் போட்டேன்.
ஓடுது என்றேன்.
எவ்வளவு நேரம் என்றார்.
சொன்னேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம்
தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்.
பிறகு:
"போனைக் கொஞ்சம் அதுகிட்ட வைங்க."

வைத்தேன். இழுத்தேன்.
எப்போது போனை வைத்தார் என்று தெரியாது.
டேங்க் காலியாகும் வரை
நானும் நிறுத்தவில்லை.

வந்தால் அதே ஆயிரத்து இருநூறு,
டியூபுக்கு எண்பது,
ஊக்குக்குக் காசு வேண்டாம்
என்று சொல்லவேண்டும்.
வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.
சாக்கை மட்டும் உதறிக்
காயப் போட்டிருக்கிறேன்.