கடிக்காத மீன்

தோட்டப்பாளையத்தில் எங்கள் லாட்ஜுக்கு
மூன்று மொழியில் பெயர்ப்பலகை.
கடல் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்.
அதில் நாலடி நீளத்தை
ரிசப்ஷன் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்:
ஆர்.ஓ. தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்து.
கத்திரி வெயிலில் ஊரே வேகும்போது
இதற்கு மட்டும் இருபத்தைந்து டிகிரி.
கரண்ட் போனால் இன்வெர்ட்டர் முதலில் இதற்கு,
பிறகுதான் லிஃப்ட்டுக்கு.

நடுப்பாறையில் வெளிச்சம் தின்று வாழும் சிப்பி.
பண்ணையில் வளர்த்தது. காகிதம் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன்.
மயில்கழுத்துப் பட்டை ஒன்றைக் கசக்கி
ஓட்டுக்குள் யாரோ செருகிய மாதிரி விளிம்பு.
அந்த விளிம்பில் நூற்றுக்கணக்கில் கண்கள்.
யாராவது குறுக்கே போனால்
நிழலுக்கே மூடிக்கொள்ளும்.

மீன் வாங்க சைதாப்பேட்டை இர்ஃபானிடம் போனேன்.
"சிப்பி இருக்குதா? அப்ப கிளாத்தி வேணாம்.
பேத்தை வேணவே வேணாம், கறியைப் பிச்சுடும்.
வண்ணத்துப்பூச்சி மீன் பார்க்க லட்சணம்,
லட்சணமாவே கொத்தும்.
கோமாளி மீனும் சந்தேகம்தான்:
பாசத்துல மேலயே படுத்துப் புரளும்,
சிப்பி வாயே திறக்காது."
வேணாம் வேணாம் என்றே
கடையைச் சுற்றி முடித்துவிட்டோம்.
நாலு பச்சைக் குரோமிஸ், ஓர் உளுவை,
சிப்பியில் ஒட்டும் நத்தையைப் பொறுக்கித் தின்ன
உடம்பில் ஆறு கோடு போட்ட ஒரு சுறுசுறுப்பு.
பில் எழுதும்போது கண்ணில் பட்டது
கருநீலத்தில் தணல் வைத்த ஒரு குட்டி ஏஞ்சல்.
"இது?"
இர்ஃபான் பேனாவால் காதைக் குடைந்தார்.
"சிலது கடிக்கும். சிலது கடிக்காது.
வீட்டுக்குப் போனாதான் தெரியும்."

அறை கேட்டு வருபவர்களையும் அப்படித்தான் எடுக்கிறேன்.
ஆதார், ஆஸ்பத்திரி அட்டை, எத்தனை பேர்,
ரூமில் கடுகெண்ணெய் காய்ச்சுவீர்களா.
முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

மூன்றாம் நாள் சிப்பி பாதிதான் திறந்தது.
உப்பை அளந்தேன். கால்சியம் அளந்தேன்.
விளக்கை இறக்கினேன், மறுபடி ஏற்றினேன்.
நான் நின்று பார்க்கும்போதெல்லாம்
தொட்டியில் அத்தனை பேரும் உத்தமர்கள்.

இருநூற்று ஐந்து, தபன் மண்டல்.
பர்த்வானிலிருந்து வந்து பத்தொன்பது நாள்.
மனைவி ஐ.சி.யூ.வில்.
உள்ளே விடுவது காலையில் பத்து நிமிடம்.
மிச்ச நாளை
என் தொட்டி முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தார்.
விளக்கணைக்கும் நேரம் மேசையைத் தட்டினார்.
மருந்துக்கடை வரிசையில் பொறுக்கிய தமிழ்:
"தீதி, அந்த மீன். பசி இல்ல. சும்மா.
ஒரு தடவ. போயிடும். திரும்ப வரும்."
தன் புறங்கையைக் கிள்ளிக் காட்டினார்.
அங்கே ஏற்கெனவே சிவந்திருந்தது.

வலையைக் கண்டால் ஏஞ்சல் பாறைக்குள் ஓடிவிடும்.
தபன்தான் தண்ணீர் பாட்டிலை வெட்டி
கழுத்தைத் தலைகீழாகச் செருகி
உள்ளே இறால் துணுக்கு போட்டார்.
ஊரில் மூங்கிலில் செய்வார்களாம்.
மறுநாள் பதினொரு மணிக்கு விழுந்தது.
இர்ஃபான் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்,
"நான்தான் சொன்னேனே" என்று சொல்லாமல்.

அடுத்த வாரம் சிப்பி
ஓட்டுக்கு வெளியே வழிகிற அளவு திறந்தது.
தபன் பார்க்கவில்லை.
மனைவியை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம்,
பகல் முழுக்க அங்கேதான்.
துவைத்த சட்டை மட்டும்
இருநூற்று ஐந்தின் ஜன்னலில் காய்கிறது.

நாற்காலியில் இப்போது
சில்சாரிலிருந்து நேற்று வந்த பெண்.
கையில் பிரிக்காத ஸ்கேன் கவர்.
நீலத்தைப் பார்க்க எட்டிக் குனிகிறாள்,
சிப்பி சட்டென்று சாத்திக்கொள்கிறது.
"செத்துப்போச்சா?" என்று
எந்த மொழியில் கேட்டாலும் புரிகிற முகம்.
இல்லைம்மா, நிழல்தான்.
நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போடுங்கள்.