ஒன்றும் இருபதும்

ஆறு மாதம் தேடினோம்
கடவுள் ஒளிந்திராத ஒரு பெயரை.
பூவைத் தூக்கினால் அடியில் ஒரு தேவி,
மலையைத் தூக்கினால் ஒரு வேல்,
நிலாவைப் பிடித்து இழுத்தால்
கூடவே வந்தது யாரோ ஒருவரின் சடை.
கடைசியில் கயல் என்று வைத்தோம்.
மீன். வெறும் மீன்.
லெக் ஆற்றில் வழுக்கி ஓடுவது.

மூன்றாம் நாள் லண்டனிலிருந்து மச்சாள்:
"அங்கயற்கண்ணி! பார்த்தியளே,
மீனாட்சியின்ர பேரைத்தானே வைச்சிருக்கிறியள்."
கதிர்காமநாதன் என்ற பெயரோடு
முப்பத்தெட்டு வருடம் நாத்திகனாய் இருக்கும் என் கணவன்
அன்று முழுக்கச் சிரிக்கவில்லை.

நாலு வயதில் சூப்பர்மார்க்கெட் வாசலில்
ஒரு காரின் பின்புறத்தைக் காட்டிக் கத்தினாள்:
"அம்மா, என்ர பேர்!"
இரண்டு கோட்டில் வரைந்த மீன்.
அது யேசுவைக் கும்பிடுகிறவர்களின் மீன் என்றேன்.
"அவருக்கும் மீன் விருப்பமோ?"
நிறையப் பேருக்குச் சாப்பிடக் கொடுத்தவராம்.
"பொரிச்சோ?"

பள்ளிக்கூடப் படிவத்தில்
சமயம் என்ற கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு போட்டேன்.
அலுவலகப் பெண் கோட்டைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்து
வேறு பேனை ஒன்றை நீட்டினாள்.

இந்த ஊரில் பாண் வாங்கப் போனாலும்
கடவுளைச் சொல்லித்தான் வரவேற்பார்கள்.
நானும் சொல்லலாமோ என்று கேட்டாள்.
சொல்லு, வணக்கம் மாதிரித்தான் என்றேன்.
அன்று பின்னேரமே
மேசைக்காலில் விரலை இடித்து
"முருகா!" என்று துள்ளினேன்.
"ஆரம்மா முருகன்?
உங்கட டொக்டரோ?"

ஏப்ரல் மாதம்
அவளின் சிநேகிதி லெயோனிக்கு வெள்ளைச் சட்டை தைத்தார்கள்,
தலைக்கு முல்லை மாதிரி ஏதோ பூ.
முதல் நற்கருணையாம்.
கடைக் கண்ணாடியில் கயல் மூக்கை வைத்து அழுத்தினாள்.
விலையைப் பார்த்தேன். வாங்கவில்லை.
மறுநாள் வேலையிலிருந்து தனியே வந்து வாங்கினேன்.
ஒரு காரணமும் இல்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தாள்,
மத்தியானத்துக்குள் கெச்சப் ஊற்றினாள்.

மற்றப் பிள்ளைகள் சமய வகுப்புக்குப் போகும் நேரம்
இவளோடு சேர்த்து ஏழு பேர்
கைவேலை அறைக்குப் பக்கத்தில், பசை மணத்துக்குள்
ஒழுக்கவியல் படிக்கிறார்கள்.
பயம் வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று
திருமதி ஹோல்ட்ஸ்ல் கேட்டாவாம்.
எம்ரே, தகப்பன் சொல்லித் தந்த துவாவை ஓதுவான்.
ஃபால்க் நாயின் கீழே போய்ப் படுப்பான்.
கயல் சொன்னாளாம்:
"குசினி லைட்டைப் போடுவம்.
அம்மா எண்ணுவா."

பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன்.
திரும்பி வரும்போது ட்ராமில்
கோட் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தேன்.
இவ்வளவுதானா கொடுத்திருக்கிறேன்?
ஒரு பல்ப், கொஞ்ச எண்கள்.
கேட்டபோதெல்லாம் "தெரியாது" என்றேன்,
நேர்மைதான்,
ஆனால் இரவு மூன்று மணிக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
பிள்ளை தூங்குமா?

பெப்ரவரி. ஆட்டோபானில் கண்ணாடிபோல் பனி.
ஆதன் லொறியோடு எங்கோ உல்ம் பக்கம்.
போன் அடிக்கிறது, எடுக்கவில்லை.
நான் இருட்டில், நடையில்,
கழுவின கோப்பையைத் திரும்பவும் துடைத்தபடி.

வெறுங்காலோடு வந்தாள்.
குசினி லைட்டைப் போட்டாள்.
கதிரையில் ஏறி இருந்து எண்ணத் தொடங்கினாள்,
டீச்சர் மாதிரி விரலால் மேசையில் தட்டி.
பத்தொன்பது, இருபது வரைக்கும் தமிழ்.
அதன்பிறகு தமிழ்ச் சொல்லில் ஜெர்மன் கணக்கு:
ஒன்றும் இருபதும்,
இரண்டும் இருபதும்,
மூன்றும் இருபதும்.
நான் திருத்தவில்லை.

ஏழும் நாற்பதும் என்ற இடத்தில்
என் வாய்க்குள் அந்தப் பழைய பெயர் வந்தது.
சத்தமில்லாமல்தான் சொன்னேன்.
அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.
எண்ணுவதை நிறுத்தாமல்
கதிரையில் கொஞ்சம் தள்ளி இருந்தாள்,
இன்னொரு ஆளுக்கும் இடம் விடுவதுபோல.