இரவுச் சுமை

இடுக்கி மீட்டரோடு நுழைந்தால்
முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
"பலதியாவா?"
இல்லை,
அபராதம் போட வரவில்லை
கரண்ட் பில்லைக் குறைக்க வந்தேன் என்பேன்.
அதைக் கேட்டதும்தான்
சந்தேகம் இன்னும் கூடுகிறது.

ருவியில் பதினேழு கடைகள் என் பட்டியலில்.
நகைக்கடை கோவர்தன்பாய்
ஹாலஜனைக் கழற்றச் சம்மதிக்கவில்லை.
"வேற வெளிச்சத்துல தங்கம் வெளுத்துப்போகும் மேடம்."
மஞ்சள் எல்இடி வாங்கி
ஒரு பக்கம் மட்டும் மாட்டினேன்.
எந்தப் பக்கத்து வளையல் அழகு என்று
வந்த பெண்களைக் கேட்டோம்.
யாருக்கும் தெரியவில்லை.
அவருக்கு மட்டும் தெரிந்தது,
இரண்டு நாள்.

சலவைக்கடை மச்சாது
மத்தியானம் கடையைப் பூட்டிய பிறகும்
பாய்லரை அணைப்பதில்லை.
ஆறிவிட்டால் ஏறாதாம்.
வாட்சைப் பார்த்தபடி இருவரும் நின்றோம்.
பதினெட்டு நிமிடத்தில் ஏறியது.
மூன்று மணி நேரத்தை
ஆறு வருடத்தால் பெருக்கிப் பார்த்தவர்
சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் பைசா செத்துப் பல காலம் ஆகிறது.
இங்கே உயிரோடு இருக்கிறது,
ஆயிரம் சேர்ந்தால் ஒரு ரியால்.
ஃபிரிட்ஜ் கதவிடுக்கில்
ஒரு நூறு பைசா நோட்டை வைத்து மூடி
மெல்ல இழுப்பேன்.
வராமல் அடம்பிடித்தால் நல்ல ரப்பர்.
பதினேழில் பன்னிரண்டு கடைகளில்
கூப்பிட்டதும் வந்தது நோட்டு.

பன்னிரண்டாவது,
கூத்தாநல்லூர் நஜ்முதீனின் மளிகை.
ஏழு நாள் பதிவுக்கருவி வைத்தேன்.
பதினொன்றரைக்கு ஷட்டர் இறங்கும்.
கோடும் இறங்குகிறது.
ஒரு மணிக்கு மறுபடி எழுந்து
ஐந்து வரை ஒரு மேடு.
எல்லா இரவும். வெள்ளிக்கிழமை உட்பட.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்
பிரித்து விரித்த அட்டைப்பெட்டி,
மடித்த போர்வை,
ஊறுகாய் பாட்டிலில் ஒரு பிரஷ்.
முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பிச்சைக்கனி
நான் பார்த்ததைப் பார்த்தான்.

அறையில் எட்டுப் பேர்.
மே மாதத்திலிருந்து ஏசி ஓடவில்லை.
கேட்டால் புக்ரா என்கிறார்களாம்.
எத்தனை நாளைக்குத்தான் நாளைக்கு?
"மேடம், இதையும் எழுதுவீங்களா?"

அந்த மேட்டை வெட்டினால்
மாதம் ஒன்பது ரியால் நானூறு பைசா.
நஜ்முதீன் கடையில் நான் கண்ட
ஆகப்பெரிய மிச்சம்.
ஒரு திருகாணி கூட வாங்க வேண்டாம்.
ஒரு வரி எழுதினால் போதும்.

அன்றிரவு மொட்டைமாடிக்குப் போனேன்.
மணி இரண்டு. முப்பத்தாறு டிகிரி.
பகலெல்லாம் கடன் வாங்கிய வெயிலை
வட்டியோடு திருப்பிக்கொண்டிருந்தன
ருவியைச் சுற்றி நிற்கும் மலைகள்.
அதை வாங்கிக்கொள்ள
எங்கோ ஓர் அறையில் ஏழு பேர்.

மறுநாள் திரும்பவும் போனேன்,
ஒன்பது ரியாலை வேறு இடத்தில் தேட.
கண்டன்சரில் கம்பளி போல் தூசி.
மேற்குக் கண்ணாடியில் காகிதம்கூட இல்லை.
ராத்திரி முழுக்க
தயிர் டப்பாக்களின் குளிரை வாசலுக்கு ஊற்றும்
திறந்த சில்லர்.
யாரும் படிக்காத நேரத்திலும் எரியும் பெயர்ப்பலகை.
கூட்டினேன். பத்து ரியால் அறுநூறு.

இரவுச் சுமை என்ற கட்டத்தில் எழுதினேன்:
சரக்குப் பாதுகாப்பு. தொடரலாம்.
இருபத்தாறில் வைக்கவும்.

நஜ்முதீன் விரல் வைத்துப் படிக்கிறவர்.
அந்த வரியில் விரல் நின்றது.
"என்ன சரக்கு?"
"சூட்டில் கெட்டுப்போகிற சரக்கு."
என்னைப் பார்க்கவில்லை.
மூட்டைகளின் பக்கம் பார்த்தார்.
யாரையோ அழைத்து
இரண்டு சுலைமானி சொன்னார்.
பாதி குடித்த பிறகு,
"இருபத்தாறு... போதுமா அதுக்கு?"

பேனாவால் இருபத்துநான்கு என்று திருத்தினேன்.
தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.
போட்டுவிட்டு
என் கூலியில் இரண்டு ரியால் குறைத்தார்.