இரண்டு நாற்பது

பாஸ்போர்ட்டில் முன்னால் நிற்பது அப்பா பெயர்.
அதனால் சீனிச்சாமி என்றுதான் கூப்பிட்டார்
டாக்டர் கொங் ஷூலான்.
துபாய், இன்டர்நேஷனல் சிட்டி, சீனா கிளஸ்டர்,
சலூனுக்கும் நூடுல்ஸ் கடைக்கும் நடுவே ஒரு கதவு.

செத்துப்போனவர் பெயரில்
நான் நாக்கை நீட்டினேன்.
ஓரமெல்லாம் பல்தடம் என்றார்.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று
லிஃப்ட் கதவில் நான் காது வைப்பதுபோல.

அவர் சீனத்தில் பேசப் பேச
மேசைமேல் கிடந்த போன் தமிழில் சொன்னது
ஏற்ற இறக்கமே இல்லாத பெண்குரலில்:
"உங்கள் கல்லீரல் கோபமாக இருக்கிறது."
யார்மேல் என்று கேட்டேன்.
போன் அதையும் மொழிபெயர்த்தது.
டாக்டர் சிரிக்கவில்லை.
எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்றார்.

இரண்டு நாற்பது.
அழைப்பு வந்தாலும், வராவிட்டாலும்.
கம்பெனியின் அவசர எண்
என் தலையணைக்கடியில் தூங்குகிறது.

ஒன்றிலிருந்து மூன்று கல்லீரலின் நேரம்.
மூன்றிலிருந்து ஐந்து நுரையீரல்.
அது துக்கம் தங்கும் வீடு, என்றது போன்.
ஷிப்ட் போட்டுத்தான் ஓடுகிறது உடம்பும்.
ஓவர்டைம் யார் கணக்கில் என்று கேட்கவில்லை.

இலந்தைக்கொட்டை வறுத்து இடித்த பொட்டலம் பத்து.
காதுமடலில் கடுகு மாதிரி ஐந்து விதை,
மேலே துண்டு பிளாஸ்டர்.
பதற்றம் வந்தால் அழுத்து.
அதோடு, மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி
இரண்டு நரம்புக்கு நடுவில் ஓர் இடம்.
நூற்று இருபது திர்ஹாம். இன்ஷூரன்ஸில் வராது.

அன்றிரவும் போன் அடித்தது.
அல் நஹ்தா. பதினான்காம் மாடிக்கும் பதினைந்துக்கும் இடையில்
பேக்கரி வேலைக்குக் கிளம்பிய மரிவிக்.
மூச்சு முட்டுகிறது என்கிறாள், ஆங்கிலத்தில்,
பிறகு அவள் மொழியில்.
வேன் முஹைஸ்னா சிக்னலில் நிற்கிறது.
கண்ணாடியில் ஆகஸ்ட் வியர்த்து வழிகிறது.
வழக்கமாகச் சொல்வேன்: ரிலாக்ஸ் மேடம், பத்தே நிமிஷம்.
அன்றைக்கு என்ன தோன்றியதோ,
மணிக்கட்டில் மூன்று விரல் வையுங்கள் என்றேன்.
எந்தக் கை?
அதை நான் டாக்டரிடம் கேட்டிருக்கவில்லை.
இரண்டு கையும்.
ஒரே நேரத்தில் எப்படி முடியும் என்றாள்.
அழுகைக்குள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

பிரேக்கைத் தளர்த்தி, கையால் இறக்கி,
கதவை நெம்பியபோது
கட்டைவிரலை இன்னும் எடுக்காமல் வெளியே வந்தாள்.
என் காதைப் பார்த்தாள்.
ஹியரிங் எய்டா?
ஆமாம் என்று தலையாட்டினேன்.

வேன் சீட்டைச் சாய்த்துக் கிடந்தேன்.
மூன்றைத் தாண்டிவிட்டது.
அப்பாவுக்கு மூச்சு வாங்கிய அன்று
நான் இங்கே ஏதோ ஒரு லிஃப்டின் தலைமேல்
டார்ச்சை வாயில் கவ்வி நின்றிருந்தேன்.
எந்தக் கட்டடம் என்பதுகூட மறந்துபோயிற்று.

காதில் நான்குதான் இருந்தன.
ஐந்தாவது விதையைக் காலருக்குள்ளிருந்து எடுக்கும்போது
கண்ணாடி முழுக்க வெயில்.
இடையில் எங்கோ
தூங்கியிருக்கிறேன் போல.